மகாராணியின் மணல் டிரே

கல்யாணமாகி மூன்று மாதத்தில் டீச்சருக்கு ஒன்று சந்தேகமில்லாமல் தெரிந்துபோயிற்று. இந்த வீட்டில் கணவருக்கு அவளைப் பிடித்திருக்கிறது, பூனைக்குத்தான் பிடிக்கவில்லை.

நாற்பது வயதுவரை தனியாக இருந்து பழகியவள் அவள். அவரும் அப்படித்தான், துணைக்கு இந்தப் பூனை மட்டும். மகாராணி என்று பேர். மிடுக்கும் அதற்கேற்ற மாதிரிதான். குளியலறை மூலையில் அதற்கென்று ஒரு மணல் டிரே உண்டு. அதைவிட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை என்று அவர் பெருமையடிப்பார். டீச்சர் வந்து சேர்ந்த வாரமே மகாராணியின் மானம் கப்பலேறியது. முதலில் டீச்சரின் தலையணை. அப்புறம் கைப்பை, மடித்து வைத்த துணி, திருத்தக் கொண்டுவந்த கணக்குப் பரீட்சைத் தாள்கள். அவருடைய சட்டை பக்கத்திலேயே கிடக்கும், அதை மோந்துகூடப் பார்க்காது. ஆள் பார்த்து அடிக்கிறது என்று இவள் நினைத்ததில் என்ன தப்பு?

அவர் பாவம், தரையையும் சோபாவையும் துடைத்துக்கொண்டே இருப்பார்; அவளுடைய சாமான்களை அவளே அலசிக்கொள்வாள். தரை துடைக்கும் மருந்து செய்கிற கம்பெனியில் எலுமிச்சை வாசனை கலக்குவது அவர் வேலை. வருஷக்கணக்கில் அதைக் கலந்து கலந்து அவர் மூக்கு நிரந்தர விடுப்பில் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அவளுடைய புதுப் போர்வையும் போனது. டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அவர் கையிலிருந்த துணியை வாளியில் போட்டார். "நீ இரும்மா. நம்ம கம்பெனி வேன் டிரைவர் ரொம்ப நாளா பூனை கேக்கறாரு. சனிக்கிழமை வரச் சொல்றேன்."

ஜெயித்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவர் சாப்பாட்டை அளைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்கே சகிக்கவில்லை.

சனிக்கிழமை காலை, மகாராணிக்கு வழியில் தின்ன ஏதாவது வாங்கிவர அவர் கடைக்குப் போனார். டிரேயையாவது சுத்தமாகக் கொடுத்தனுப்புவோம் என்று டீச்சர் கழுவ உட்கார்ந்தாள். டிரே கழுவ அவர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மருந்து, கேனின் அடியில் சில சொட்டுதான் மிச்சமிருந்தது. சரி போகட்டும் என்று வெந்நீரிலேயே இரண்டு முறை தேய்த்துக் கழுவி, காயவைத்து, புது மணல் போட்டாள்.

மகாராணி வந்தது. மோந்து பார்த்தது. உள்ளே இறங்கி, நிதானமாகக் குழி தோண்டி, காரியத்தை முடித்து, மூடிவிட்டு வந்தது.

டீச்சர் டிரேயைப் பார்த்தாள், அந்தக் கேனைப் பார்த்தாள். கேனைத் திறந்து மோந்து பார்த்தாள், மண்டைவரை ஏறியது எலுமிச்சை. ஒரு சொட்டை விரலில் தொட்டுப் பூனையிடம் நீட்டினாள். அது துள்ளி விழுந்து கட்டிலுக்கடியில் ஓடியது. டிரேயில் எலுமிச்சை. அவர் சட்டையில் எலுமிச்சை. தரை, சோபா, எல்லாவற்றிலும் எலுமிச்சை. அந்த நெடி இல்லாத இடம் வீட்டிலேயே அவளுடைய சாமான்கள் மட்டும்தான். கணக்கு டீச்சருக்கு இதற்குமேல் வழிமுறை எழுதிக் காட்ட வேண்டுமா?

அவர் பையோடு திரும்பி வந்தார்.

"ஏங்க, இதை டிரேயில எப்பலேருந்து ஊத்துறீங்க?"

"நீ வர்றதுக்கு முந்தின நாள்லேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"வெறும் தண்ணிதான்." கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "எனக்குத்தான் மூக்கு செத்துப்போச்சே, வீடு நாறுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? நீ மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிடக் கூடாதேன்னு தண்ணி கலக்காம அப்படியே ஊத்தினேன். அது தப்பு பண்ணப் பண்ண, இன்னும் கொஞ்சம் கூடுதலா..."

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் அது அழுகையாகிவிட்டது. இந்த வீட்டில் தன்னை ஒரு ஜீவன் துரத்தப் பார்க்கிறது என்று மூன்று மாதமாக மனசுக்குள் புழுங்கியிருக்கிறாள். துரத்தியது யாருமில்லை. போய்விடுவாளோ என்று பயந்து ஒரு மனுஷன் காலையும் மாலையும் மருந்து ஊற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

அழைப்பு மணி அடித்தது. அவர் முகம் தொங்கிப்போய்க் கதவைப் பார்த்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை முந்திக்கொண்டு போய்த் திறந்தாள். வேன் டிரைவர் கூடையோடு நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க, வீணா அலைய வச்சிட்டோம்," என்றாள். "நாங்க மூணு பேரும் இங்கயேதான் இருக்கப்போறோம்."