வெள்ளை வால்காரன் வந்த காலை

கிரேன்காரருக்கு ஞாபகம் போக ஆரம்பித்தபோது முதலில் போனது சாவி வைத்த இடம். அது எல்லாருக்கும் போவதுதானே என்று அவர் மனைவி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் சமையலறை ஜன்னலில் வந்து உட்கார்ந்த மைனாவைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் விளையாடவில்லை.

பறவைகள் என்றால் உயிரை விடுகிற மனுஷன் அவர். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பெரிய கிரேனை ஓட்டியவர். கீழேயிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிற கூண்டுக்குள் நாள் முழுக்க ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார். ஒரு கப்பல் கிளம்பி அடுத்தது கரை சேரும்வரை வேலையும் கிடையாது, பேச்சுத்துணையும் கிடையாது. கூண்டுக் கம்பியில் வந்து உட்காரும் ஆலாக்களோடும் பருந்துகளோடும்தான் பழக்கம். சூப்பர்வைசர் வருவதை எல்லாருக்கும் முன்னால் பார்த்துச் சொல்லிவிடுவதால் கூட வேலை பார்த்தவர்கள் 'கழுகு' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு முதலில் பைனாகுலர் வந்தது, பிறகு நீள லென்ஸ் வைத்த கேமரா. விடுமுறைக் காலைகளில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்தெருவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். ஊரில் மிச்சமிருந்த பெரிய மரங்களெல்லாம் அந்தச் சுவருக்குள்தான் இருந்தன.

"உயிரோட ஒருத்தி வீட்டுல கிடக்கேன். உங்களுக்குச் செத்தவங்க சகவாசம் கேக்குது" என்பாள் அவள்.

"நீ கரிச்சான்டி. சைஸ் சின்னதுதான், ஆனா பருந்தையே துரத்தித் துரத்திக் கொத்தும்" என்பார் அவர்.

அவர் ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போன படம் ஒன்று உண்டு. அரசவால் ஈப்பிடிப்பான் என்கிற குருவியின் ஆண். உடம்பு ஒரு கைப்பிடிதான் இருக்கும், வால் மட்டும் வெள்ளை ரிப்பன் மாதிரி நீளமாகத் தொங்கும். குளிர் தொடங்கும்போது எப்போதாவது அந்தத் தோட்டத்துக்கு வரும். வந்தாலும் ஓரிடத்தில் நிற்காது. வெள்ளை வால்காரன் என்று அவர் சொல்லிச் சொல்லி, பார்க்காமலேயே அவளுக்கும் அது தெரிந்த ஆள் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மைனா விஷயத்துக்குப் பிறகு டாக்டரிடம் போனார்கள். மாத்திரைகள் வந்தன. "தினமும் காலையில வெளியில கூட்டிட்டுப் போங்க. அவருக்குப் பழகின இடமா இருக்கட்டும்" என்றார் டாக்டர். கண்ணாடிக்கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலையை அவள் விட்டுவிட்டாள். காலை வெயில் ஏறுவதற்குள் அவருக்குச் சட்டை மாட்டி, ஷூ லேஸ் கட்டி, கையைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். உள்ளே அத்திமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. அங்கே உட்கார வைத்தால் அவர் அமைதியாகிவிடுவார்.

கேமராவைப் பிடித்தால் அவர் கை நடுங்கியது. படமெல்லாம் இலையும் வானமுமாக விழுந்தது. கோபத்தில் ஒருநாள் அதைக் கல்லறை ஒன்றின்மேல் ஓங்கி அடிக்கப் போனவரிடமிருந்து அவள் வாங்கிக்கொண்டாள். அவரைச் சமாதானப்படுத்தத்தான் அன்றைக்கு முதல் படத்தை எடுத்தாள். குழாயடியில் தண்ணீர் குடித்த ஒரு புறா. திரையில் பெரிதாக்கிக் காட்டினதும் அவர் முகம் விரிந்தது.

"யாரு இது?"

"புறாங்க."

"நல்லா இருக்கான்" என்றார்.

அப்படியே பழக்கமானது. அவள் எடுப்பாள், அவர் பார்ப்பார். வாழ்நாளெல்லாம் லென்ஸோடு புழங்கிய கை என்பதால் தொழில் சீக்கிரம் படிந்தது. கொண்டலாத்தி மண்ணைக் கிளறுவதையும், மரங்கொத்தி பட்டையைச் சுற்றி ஏறுவதையும், தேன்சிட்டு பூவின் முன்னால் அந்தரத்தில் நிற்பதையும் எடுத்தாள். அவருடைய பழைய புத்தகத்தைப் பார்த்துப் பெயர்களைக் கற்றுக்கொண்டாள். அவள் ஒவ்வொரு பெயராகச் சேர்க்கச் சேர்க்க, அவரிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போனது. கடைசியில் எல்லாப் பறவையும் அவருக்குப் 'பொடியன்' ஆனது. அவளை 'ஏம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி.

வீட்டுக்குள் நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. குளிக்க வைக்கப் போனால் அடிப்பார். ஒருமுறை முழங்கை பட்டு அவள் உதடு கிழிந்தது. செருப்புகளை ஃப்ரிட்ஜில் வைப்பார். "எனக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு" என்று கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார் என்பதால் கதவில் மணி கட்டியிருந்தாள். அந்த மணி அடிக்காதபோதும் அடித்த மாதிரி கேட்டு எழுந்து உட்காருவாள்.

மகள் வேறு ஊரில் நீச்சல் பயிற்சியாளர். வாரம் தவறாமல் பேசுவாள். "அம்மா, ஒரு ஆள் போட்டுக்கலாம். இல்லன்னா இந்த மாதிரி இருக்கவங்களுக்குன்னே ஹோம் இருக்கு. நான் விசாரிச்சு வெச்சிருக்கேன்."

"நான் இருக்கும்போது எதுக்கு? என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்று சொல்லி மகளின் வாயை அடைத்துவிடுவாள்.

இதில் அவள் தன்னிடமே ஒப்புக்கொள்ளாத விஷயம் ஒன்று இருந்தது. காலையில் கேமராவைக் கண்ணில் வைக்கும்போது மட்டும் அவளுக்கு மூச்சு சரியாக வந்தது. அந்தச் சின்னச் சதுரத்துக்குள் மாத்திரை கிடையாது, ஈரத் துணி கிடையாது. ஒரு கிளையும் அதில் ஒரு உயிரும்தான். முன்பெல்லாம் அவர் ஏன் வீட்டைவிட்டு இங்கே ஓடிவந்தார் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தபோது அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

அன்றைக்கும் வழக்கம்போல அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பழைய கல்லறைகளின் பக்கம், இருட்டாகக் கிடந்த செடிகளுக்கிடையில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. காகிதம் பறக்கிறது என்று முதலில் நினைத்தாள். அது கிளையில் உட்கார்ந்து தலையைத் திருப்பியது.

"ஏங்க, வந்துட்டாங்க உங்க ஆளு. இங்கயே இருங்க. எந்திரிக்கக் கூடாது, சரியா?"

"சரிம்மா" என்றார் அவர்.

நாலு எட்டு வைத்தாள். குருவி உள்ளே தள்ளி இன்னொரு கிளைக்குப் போனது. இவளும் போனாள். அது தாவிப் பூச்சியைப் பிடித்தது. வால் காற்றில் எழுதின மாதிரி வளைந்து அதன் பின்னாலேயே போனது. அவள் மண்ணில் முட்டி போட்டாள். பிறகு சேலை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு கல்லறையின் ஓரத்தில் படுத்தேவிட்டாள். குருவி அவளுக்கு நேர் எதிரே, வெயில் விழுந்த கிளையில் வந்து உட்கார்ந்தது. கறுத்த தலை, நீல வளையம் போட்ட கண், அவ்வளவு நீள வெள்ளை. அவள் எடுத்தாள். மறுபடி எடுத்தாள். பிறகு எடுக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பெஞ்சில் ஒருவர் இருக்கிறார் என்பது அவள் மனதில் இல்லவே இல்லை.

குருவி பறந்துபோனது. சின்னப் பெண் மாதிரி ஓடினாள்.

"ஏங்க! பாருங்களேன், இதப் பாருங்க..."

பெஞ்சு காலியாக இருந்தது.

கேட்டுக்கு ஓடினாள். தெருவில் இல்லை. குழாயடியில் இல்லை. திரும்பி உள்ளே ஓடி, அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புதுக் கல்லறைகளின் பக்கமிருந்து குழி வெட்டுகிறவர் கையைத் தூக்கி ஆட்டினார். டீ குடிக்கப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். பாதி வெட்டிய குழியின் அடியில், ஈர மண்ணில், கிரேன்காரர் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத திசையில் இருந்தது. கண் திறந்திருந்தது.

"கீழ எறக்கிட்டாங்கம்மா. மேல போகணும், ஷிஃப்ட்டு இருக்கு" என்றார்.

குழி வெட்டுகிறவர் உள்ளே குதித்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் குழியின் விளிம்பில் வயிறு பட மண்ணில் படுத்து, கையைக் கீழே நீட்டியபடி இருந்தாள். அவர் விரல் எட்டவில்லை.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். குழி வெட்டுகிறவர் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து வராந்தாவிலேயே நின்றார். "பலகையைப் போட்டுட்டுப் போயிருக்கணும்மா. பாதி வேலைதானேன்னு விட்டுட்டேன்" என்று அழுதார்.

"உங்க மேல தப்பில்ல. நான்தான் விட்டுட்டேன்" என்றாள் அவள்.

மகள் ஓடிவந்தாள். விசிட்டர் நேரம் முடிந்து இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்.

"எப்படிம்மா ஆச்சு?"

ஒரு நொடி திரும்பினேன் என்று சொல்லியிருக்கலாம். மகள் நம்பியிருப்பாள். ஆனால் அந்தப் பொய்யைச் சுமக்க அம்மாவுக்குத் தெம்பில்லை. குருவியைப் பற்றிச் சொன்னாள். மண்ணில் படுத்ததைச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. நிறைய நேரம். அப்பா இருக்கிறதே மறந்துபோச்சு. அப்ப நான் சந்தோஷமா இருந்தேன்டி. எத்தனையோ நாளுக்கு அப்புறம்."

மகள் எழுந்து இரண்டு படி கீழே இறங்கி நின்றாள். "நான் ஒரு குளத்துல அத்தனை பிள்ளைங்களப் பாத்துக்கிறேன். ஒரு தடவை கண்ண எடுத்தா ஒரு பிள்ளை போயிடும். உன்கிட்ட இருந்தது ஒருத்தர்மா. ஆள் போடுறேன்னு எத்தனை தடவை கேட்டேன்?"

மகள் மருந்து வாங்கினாள், டாக்டர்களோடு பேசினாள், அம்மாவுக்குச் சாப்பாடு வாங்கிவந்து பக்கத்தில் வைத்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இருமக்கூடத் தெம்பில்லாமல் போனது. குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று நர்ஸ் அவர் கைகளைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிவைத்தாள். மனைவி பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் அவிழ்த்துவிடுவார்கள். ஒரு மதியம் அவர் தெளிவாகக் கண்ணைத் திறந்து, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க தினமும் வர்றீங்களே, உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"மாட்டாருங்க."

"எங்க இருக்கார்?"

"பறவை பாக்கப் போயிருக்கார்" என்றாள்.

"போனா வர மாட்டாங்க அந்த ஆளுங்க" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவந்தாள். அவர் பேசிக் கேட்டது அதுதான் கடைசி. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

அவரைப் புதைக்கக் கொண்டுபோனபோது கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே புதிதாகப் போர்டு வைத்திருந்தார்கள்: அடக்கத்துக்கும் அஞ்சலிக்கும் தவிர உள்ளே வரக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. துறைமுகத்திலிருந்து பழைய ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். "கழுகு மாதிரி மனுஷன்" என்று ஒருவர் மூக்கைச் சிந்தினார். குழி வெட்டுகிறவர் மண்ணைத் தள்ளும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை. மரங்களில் என்ன கத்தியது, எது வந்து உட்கார்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. தலையைத் தூக்கவில்லை.

வீட்டில் மகள் அப்பாவின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். கடைசிச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்மா. சந்தோஷமா இருந்தேன்னு சொன்னியே. அதை எதுக்கு என்கிட்ட சொன்ன? சொல்லாம இருந்திருந்தா நான் எப்படியாவது தேத்திக்கிட்டிருப்பேனே."

அவள் பெட்டியின் மேலாக இருந்த சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லத்தான் ஓடினேன்" என்றாள். "அவர் அங்க இல்ல."

மகள் சட்டையை மடித்து முடித்தாள். மறுநாள் காலை பஸ்ஸுக்கு அவள் கிளம்பும்போது அம்மா தெருமுனைவரை கூட நடந்தாள். பஸ் வந்தது. மகள் ஏறுவதற்கு முன் ஒருமுறை திரும்பி, "கதவைப் பூட்டிக்கோ" என்றாள். பிறகு ஏறி, அம்மா நிற்காத அந்தப் பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.