பம்பாய் ரத்தம்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் காப்பு கிராணி வீட்டு ஆண் ஒருவரின் கையில்தான் கட்டப்படும். கிராணி வீடு என்பது எங்கள் வீடு. என் தகப்பனார் காத்தமுத்து தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். அவருக்குப் பின் நான் இருந்தேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் மூன்று முறை கை மாறியது, ஆனால் அந்த முதல் காப்பு மட்டும் வேறு வீட்டுக்குப் போனதில்லை. எட்டு வருஷமாக அதைக் கட்டிக்கொள்பவன் என் தம்பி தங்கராஜு.

இந்த வருஷம் அதைத் தடுக்கப் பார்த்தார்கள். காரணம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு கடிதம்.

கோயில் மண்டபத்தில் ரத்ததான முகாம் நடந்தது. ஏற்பாடு செய்தவன் கோயில் செயலாளர் புனிதன். இரண்டு லோரிகள் வைத்திருக்கிறான், பேச்சு அதிகம். தங்கராஜு அன்றுதான் முதல் தடவையாக ரத்தம் கொடுத்தான். நான் போகவில்லை. எங்கள் வீட்டு ரத்தம் எவர் உடம்பில் போய்ச் சேருமோ என்று எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. தம்பி என்னிடம் கேட்காமல் கொடுத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அதை வீட்டில் வைத்துப் படித்திருக்கலாம். இவன் தோட்டத்து முன்சந்தியில் யாக்கூப் பாயின் ரொட்டிச்சானாய்க் கடைக்குக் கொண்டுபோய், தே தாரிக் டீயை ஒரு கையிலும் கடிதத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். புனிதன் அதைப் பிடுங்கி எட்டுப் பேருக்கு முன்னால் படித்திருக்கிறான்.

கடிதம் மலாயில் இருந்தது. அதில் மூன்று சொற்களை மட்டும் புனிதன் பிடித்துக்கொண்டான். ஒன்று 'டிஷாக்கி'. பத்திரிகையில் திருடனையும் போதைப்பொருள்காரனையும் பற்றி எழுதும்போது போடுவார்களே, சந்தேகிக்கப்படுபவன் என்று, அந்தச் சொல். இரண்டாவது 'பொம்பே'. மூன்றாவது 'கவுன்சலிங்'.

"தங்கராஜு அண்ணே, தொண்ணூத்தேழுல நீங்க பம்பாய் போனீங்கள்ல?"

"செனாவாங் கம்பெனி அனுப்புச்சுடா. மிஷின் ட்ரெயினிங். மூணு மாசம்."

"அதான் கேக்குறேன். மூணு மாசமும் மிஷின மட்டும்தான் பாத்தீங்களா?"

எட்டுப் பேரும் சிரித்திருக்கிறார்கள். தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான், அதுதான் அவனுடைய குறை. சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுவதும் பேசியது: கிராணி வீட்டு இளையவனுக்குப் பம்பாயில் பிடித்த நோய், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உடம்புக்குள் இருந்து இப்போது வெளியே வந்திருக்கிறது.

வியாழக்கிழமை மாலை புனிதன் என் வீட்டுக்கு வந்தான். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தான். அதைப் பார்த்ததுமே ஏதோ கெட்ட செய்தி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இந்த வருஷம் தம்பி ரெஸ்ட் எடுக்கட்டும்லா. காப்ப வேற யாராச்சும் கட்டிக்கட்டும்."

"அவனுக்கு எதுக்கு ரெஸ்ட்?"

"ஒடம்பு சரியில்லாதவரு விரதம் இருந்தா…"

"ஒடம்பு சரியில்லன்னு யார் சொன்னது?"

"நான் சொல்லல ஐயா. ஆஸ்பத்திரிக் கெர்த்தாஸ் சொல்லுது."

"காப்புக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. நாளைக்குக் காலையில சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீயும் வர்ற."

"நான் எதுக்கு ஐயா?"

"கெர்த்தாஸ்ல பாதிய நீதான் படிச்ச. மீதியையும் வந்து படி."

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் தம்பியை நிறுத்திக் கேட்டேன். "பம்பாயில ஏதாச்சும் தப்பு பண்ணியாடா?"

"அண்ணே, அங்க எனக்கு வயித்தால போச்சு. மூணு மாசமும் தயிர்ச்சோறு. தப்பு பண்ண எங்க தெம்பு?"

அவன் பொய் சொன்னால் என் முகத்தைப் பார்க்க மாட்டான். அன்று பார்த்தான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மறுநாள் மலைச் சாலை இறங்கிச் சிரம்பான் போய்ச் சேர்ந்தோம். ரத்த வங்கியின் டாக்டர் முக்காடு அணிந்த ஒரு இளம்பெண். பெயர் அல்ஃபியா, சிரம்பானில் ஜவுளி வியாபாரம் செய்யும் குடும்பம். நல்ல தமிழ் பேசினாள். எங்கள் மூவரையும் பார்த்து, தங்கராஜு மட்டும் உள்ளே வந்தால் போதும் என்றாள்.

"நான் இவன் அண்ணன்," என்றேன். "இவர் எங்க கோயில் செயலாளர். என்ன சொல்றதா இருந்தாலும் இவர் முன்னாடியே சொல்லுங்க."

தம்பியும் தலையாட்டினான். கடிதம் எப்படிப் படிக்கப்பட்டது என்று அவனே சொல்ல, டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கோங்க ஐயா. இது நோயே இல்ல. ரத்த வகையோட பேரு. மொதமொதல்ல பம்பாயில கண்டுபிடிச்சாங்க, அதனால அந்தப் பேரு. அந்த ஊருக்குப் போனா வராது, போகாட்டியும் போகாது. பொறக்கும்போதே இருக்கறது. ரொம்ப அபூர்வம். பாக்க ஓ ரத்தம் மாதிரி இருக்கும், ஆனா ஓ ரத்தம் ஏத்தினாக்கூட இவங்களுக்கு ஆபத்து. இதே வகைதான் வேணும்."

"அப்ப டிஷாக்கின்னு போட்டிருக்கே டாக்டர்?" என்றான் புனிதன்.

"சந்தேகம்தான். எங்க டெஸ்டு மேல எங்களுக்கு வந்த சந்தேகம். அவர் மேல இல்ல."

"கவுன்சலிங்?"

"இப்ப நான் பண்ணிட்டு இருக்கறது அதான்."

புனிதன் சுவரில் இருந்த படத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?"

"என் தாயார் என் தகப்பனாருக்குச் சொந்த அத்தை மகள். முறைப்படி நடந்த கல்யாணம்."

"அப்படிப்பட்ட குடும்பத்துலதான் இது அதிகம் வரும். கூடப்பொறந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு இருக்கலாம். உங்க ரத்தத்தையும் பாக்கலாமா?"

ஏன் என்று கேட்டேன். சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இருக்கிறாள். நச்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கிறது. அடுத்த வியாழக்கிழமை அறுவை செய்தே பிள்ளையை எடுக்க வேண்டும், ரத்தம் நிறையப் போகும். அவளுக்கும் இதே வகை. தங்கராஜு முகாமில் கொடுத்த பை ஒன்று தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்றாவது வேண்டும். இப்போதுதான் கொடுத்தவனிடம் மறுபடியும் எடுக்க முடியாது. பதிவில் இருக்கும் இன்னும் இரண்டு பேரில் ஒருவர் வெளிநாட்டில், மற்றவர் காய்ச்சலில்.

நான் சட்டைக் கையை மடித்தேன். சோதனைக்கு ஒரு சின்னக் குழாய் அளவு எடுத்துக்கொண்டார்கள்.

 திரும்பி வந்து தோட்டத்துக்குள் கார் நுழையும்போது புனிதன் சொன்னான்: "நல்ல செய்திதான் ஐயா. ஆனா ஊர் வாய யார் மூடுறது? ஒருத்தன் நம்புவான், ஒருத்தன் நம்ப மாட்டான். காப்ப அடுத்த வருஷம் பாத்துக்கலாம்லா."

அவன் பரப்பிய பேச்சை அவனே ஊர் வாய் என்கிறான். நான் காரை விட்டு இறங்கிக் கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். கிராணி வீட்டில் யாரும் தெருவில் நின்று கத்துவதில்லை.

திங்கட்கிழமை டாக்டர் அல்ஃபியா போன் செய்தாள். "ஐயா, நீங்களும் பம்பாய்தான்."

பக்கத்தில் நின்ற என் மனைவி முத்துலெட்சுமி, "சரியாப் போச்சு. பாஸ்போட்டே இல்லாம பம்பாய்க்காரராயிட்டீங்க," என்றாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்கப் போனோம். புனிதன் தானாகவே தன் காரைக் கொண்டுவந்தான். வேடிக்கை பார்க்க வருகிறான் என்றுதான் நினைத்தேன்.

முதலில் நிரப்பிக் கையெழுத்துப் போட ஒரு பாரம். எத்தனை மணி நேரம் தூங்கினாய், காலையில் சாப்பிட்டாயா, பச்சை குத்தியிருக்கிறாயா, ஊசியில் போதை ஏற்றியது உண்டா, விலைமாதரிடம் போனதுண்டா என்று ஒரு பக்கம் நிறையக் கேள்விகள். ஐம்பத்தொன்பது வயதில் இதையெல்லாம் என்னிடம் ஒரு காகிதம் கேட்கிறது.  பாதியில் ஒன்று தோன்றியது. இதே கேள்விகளுக்குத் தம்பியும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான், முகாமில், பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் கூட்டத்தின் நடுவில். யாரோ ஒருவருக்காக அவன் அதைச் செய்தான். அன்று நான் வீட்டில் உட்கார்ந்து அவன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

விரலில் குத்தி ஒரு துளி எடுத்தார்கள். ரத்தத்தின் சத்து நன்றாக இருக்கிறதாம். பிறகு நூருல் என்ற தாதி கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். பெட்டி இரைந்து ஓய்ந்தது. அவள் புருவம் ஏறியது.

"திங்கி சங்காட், அங்கிள்." ரொம்ப அதிகம். நூற்று எழுபத்திரண்டு. "ரெஹாட் டுலு."

இருபது நிமிஷம் ஓய்வெடுக்கச் சொன்னாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஓய்வெடுத்தேன். மறுபடி பார்த்தாள். நூற்று அறுபத்தெட்டு.

டாக்டர் வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "ஐயா, பிரஷருக்கு மருந்து சாப்பிடுறீங்களா?"

"எனக்கு எந்த நோயும் கிடையாது."

"நூத்தம்பதுக்குக் கீழ வந்தாத்தான் எடுக்க முடியும். எதையாச்சும் நெனச்சு மனசு கொதிக்குதா?"

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே, ரத்தம் கொடுத்தவர்களுக்காக வைத்திருந்த மேசையில் புனிதன் உட்கார்ந்திருந்தான். ரத்தம் கொடுக்காமலே மூன்றாவது பிஸ்கட்டை மைலோவில் நனைத்துக்கொண்டிருந்தான்.

தங்கராஜு என் பார்வை போன இடத்தைப் பார்த்தான். "டாக்டர், அண்ணனோட பிரஷர் அதோ உக்காந்து பிஸ்கட் தின்னுது."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். புனிதன் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"என்னாலயா ஐயா?"

"கடையில அன்னிக்கு எத்தனை பேர் இருந்தாங்க?"

"எட்டுப் பேரு."

"அவங்களுக்கு யார் சொல்லணும்? ஊர் வாயா?"

அவன் என்னைப் பார்த்தான். டாக்டரைப் பார்த்தான். கடைசியில் தம்பியைப் பார்த்தான். பிறகு கைப்பேசியை எடுத்தான்.

"யாக்கூப் பாய், புனிதன் பேசுறேன். ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாரும் இருக்காங்கள்ல? கேட்டுக்கங்க. நான் ஆஸ்பத்திரியில நிக்கிறேன். தங்கராஜு அண்ணனுக்கு நோயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது ரத்தத்தோட பேரு. லட்சத்துல ஒருத்தருக்குக்கூட இருக்காதாம். அவரு குடுத்த ரத்தம் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குப் போகுது. இப்ப ஐயாவும் குடுக்கப் போறாரு."

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். யாரோ கேட்டார்கள்: "அப்ப நீ படிச்சது?"

"தப்புலா. எஸ்பிஎம் பரீட்சையில பாசா மலாயு பாடத்துல நான் ஃபெயிலு. தெரியாம வாய விட்டுட்டேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நான் காத்திருந்தேன். அவன் இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, அதை அவனும் அறிவான்.

"மொதக் காப்பு தங்கராஜு அண்ணனுக்குத்தான். கமிட்டியில எவனாச்சும் மாத்திப் பேசினா என்கிட்ட வரட்டும்."

போனை வைத்துவிட்டு, "அண்ணே, மன்னிச்சிருங்க," என்று தம்பியின் கையைப் பிடித்தான். தம்பி, "சரி விடுறா. பிஸ்கட் மிச்சம் இருக்கா?" என்றான்.

நூருல் மூன்றாம் முறை பட்டையைச் சுற்றினாள். பெட்டி இரைந்தது.  நூற்று நாற்பத்தாறு.

"போலே!" என்று அவள் கைதட்டினாள். முடியும் என்று அர்த்தம். டாக்டர் தன் கையாலேயே கட்டிலை இழுத்துப் போட்டாள்.

படுத்தேன். கையில் ஒரு ரப்பர்ப் பந்தைக் கொடுத்து அழுத்தி அழுத்தி விடச் சொன்னார்கள். ஊசி தடிமனாக இருந்தது. பார்க்க மாட்டேன் என்று இருந்தவன் பார்த்துவிட்டேன். எறும்பு கடிப்பது போல என்பார்கள், அது பொய். நன்றாகவே வலித்தது, ஆனால் ஒரு கணம்தான். பிறகு குழாய் என் முன்கையின்மேல் கிடந்தது. அது சூடாக இருந்தது. அந்தச் சூடு என்னுடையது என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. கட்டிலுக்குக் கீழே தராசுப் பெட்டி பையைத் தொட்டில் போல ஆட்டிக்கொண்டே இருந்தது.

"எட்டு நிமிஷம். எளவட்டங்களே பத்து எடுத்துக்குவாங்க ஐயா," என்றாள் டாக்டர். அடுத்த மாதம் எனக்கு அறுபது முடிகிறது என்றும், அறுபதுக்குள் ஒருமுறை கொடுத்துவிட்டால் மேலும் சில வருஷம் தொடரலாம் என்றும் சொன்னாள். அடுத்த தேதியை அப்போதே எழுதச் சொன்னேன். நிரம்பிய பையில் ஒட்டிய தாளில் என் பெயர் இல்லை, கோடுகளும் எண்ணும் மட்டுமே. டாக்டர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த கட்டிலில் புனிதன் படுத்துக்கொண்டிருந்தான். அவனுடையது சாதாரண பி வகை. ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தங்கராஜு அவன் காதருகே போய், "பம்பாய நெனச்சுக்கடா," என்றான்.

வியாழக்கிழமை மாலை டாக்டர் அழைத்தாள். இரண்டு பைகளும் தேவைப்பட்டன. தாய் கண்விழித்துவிட்டாள். பெண் குழந்தை, மூன்று கிலோ. யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள். கைப்பேசியைத் தம்பியிடம் கொடுத்து, அந்தச் செய்தியை அவனையும் ஒருமுறை காதால் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் சிரிக்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை கோயிலில் தோட்டமே கூடியிருந்தது. யாக்கூப் பாய்கூடக் கடையைச் சாத்திவிட்டு வேலி ஓரம் வந்து நின்றார். புனிதன் மைக்கில் தம்பியின் பெயரையும் எங்கள் தகப்பனார் பெயரையும் சேர்த்து முழுதாகச் சொல்லி அழைத்தான். பூசாரி தங்கராஜுவின் வலது கையில் மஞ்சள் காப்பைக் கட்டினார். உறுமி முழங்கியது. என் முழங்கை மடிப்பில் ஊசி இறங்கிய இடம் இன்னும் நீலம் பாரித்திருந்தது. சட்டைக் கையை அதற்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி முன்வரிசையில் நின்றேன்.