பொய்க் குறட்டை வழக்கு

கூ மன்ஷிக்குக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. சோபாவில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு கிடந்ததால் வந்த வலி. ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டுதான் வாதாட முடிந்தது.

தேஜன் நகரக் காப்புரிமை மேல்முறையீட்டில் எதிரே மூன்று நடுவர்கள். கண்டுபிடிப்பு அவன் மனைவி தோ ஹேரனுடையது: நிஜக் குறட்டையையும் பொய்க் குறட்டையையும் பிரித்துச் சொல்லும் முறை. காப்புரிமை முகவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வெளியே எதற்குத் தேடுவது என்று புருஷனையே பிடித்துப் போட்டுவிட்டாள். தோற்றால், என்ஜின் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து அவள் பட்ட பாடெல்லாம் கண்டவனுக்கும் சொந்தம்.

விண்ணப்பத்தை நிராகரித்த அதிகாரி கையை விரித்தார். "இதுல என்னங்க புதுசு? குறட்டையை அளக்குற முறை ஒரு ஆவணத்துல இருக்கு. பேச்சுல பொய்யைப் பிடிக்கிறது இன்னொண்ணுல இருக்கு. ரெண்டையும் சேர்த்துத் தைச்சா இதுதான். தொழில் தெரிஞ்ச யாருக்கும் தோணும்."

"தைக்க முடியாதுங்க," என்றான் மன்ஷிக். "அந்த ரெண்டுமே சத்தத்தைத்தான் அளக்குது. நடுவுல வர்ற மௌனம் வீண், வெட்டிப் போடுன்னு சொல்லுது. நாங்க அளக்குறதே அந்த மௌனத்தைத்தான். பொய்யா குறட்டை விடுறவன், பேச்சு கேட்டா அரை மூச்சு நிறுத்திக் காது கொடுப்பான்."

தலைமை நடுவர் அம்மாள் விண்ணப்பத்திலிருந்த குறட்டை வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார். "'சாப்பாட்டுக் குப்பையைக் கீழ கொண்டுபோங்க'ன்னதும் இந்த ஆளோட குறட்டை தடுக்கி விழுது. சரி. அவரு தூங்கலைன்னு எப்படித் தெரியும்? உங்க வீட்டம்மாவோட சந்தேகம்தானே? அவரு ஒத்துக்கிட்டாரா?"

பின்வரிசையில் ஹேரன். அவள் பார்வை பிடரியில் சுட்டது. விண்ணப்பம் எழுதும்போதே அது யார் குறட்டை என்று மன்ஷிக்குக்குத் தெரியும். தெரியாதவன்போல எழுதி முடித்திருந்தான். அந்த நடிப்பிலும் கெட்டிக்காரன்.

"ஒத்துக்கிறேங்க. அது நான்தான். முழிச்சுக்கிட்டுதான் கிடந்தேன்."

"எப்பவுமேவா?"

"குப்பை நிறையுறப்ப எல்லாம்."

இடப்பக்க நடுவர் இருமுகிறமாதிரி சிரித்தார். வலப்பக்கத்தவர் சிரிக்கவில்லை, அவர் வீட்டிலும் சோபா இருக்கும்போல.

"யாருக்கும் தோணும்னீங்களே," என்று அம்மாள் அதிகாரியிடம் திரும்பினார். "உங்க வீட்டம்மாவுக்கு இன்னும் தோணலையா?"

அதிகாரி வழக்குக் கோப்பை மூடிவிட்டார்.

நிராகரிப்பை ரத்து செய்து தீர்ப்பு வந்தது. அன்று மதியம் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் ஹேரன் குப்பை வாளியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, தூங்கிட்டீங்களா?"

சோபாவிலிருந்து குறட்டை. பக்கத்தில் ஹேரன் செய்து வைத்திருந்த கருவியில், பொய் என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"எந்திரிங்க. இனிமே நீங்க விடுற குறட்டைக்கும் நான்தான் உரிமைக்காரி."

மன்ஷிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாளியை வாங்கினான். இது ஒரு வாளி. கல்யாணமானதிலிருந்து அவன் முறை வந்தபோதெல்லாம் அவளே கீழே கொண்டுபோன மற்ற வாளிகள் அத்தனையும் இன்னும் பாக்கி.