கதையில் அவர் எழுந்துவிட்டார்

படிக்கட்டின் இரண்டாவது திருப்பத்தில் அப்பா சிக்கிக்கொண்டார்.

சவப்பெட்டியின் தலைப்பக்கம் சுவரில் முட்டியது, கால்பக்கம் கைப்பிடிக் கம்பியில் மாட்டியது. லிப்ட் மெக்கானிக்காகக் காலம் முழுக்க ஊராரை மேலே ஏற்றிவிட்ட மனிதர், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். இன்று மற்றவர்களின் முறை. யாரும் சிரிக்கவில்லை.

“கொஞ்சம் நிமித்துங்கப்பா,” என்றார் மாமா.

“நிமித்துனா அண்ணன் எந்திரிச்சு நின்னுடுவாரு,” என்றான் அப்பாவோடு வேலை பார்த்த சுருட்டை. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். “எந்த லிப்ட்ல எவன் மாட்டுனாலும் இவர்தானே போய் எடுப்பாரு. இவருக்குப் போய் இப்படி...”

மகன் கீழ்ப்படியில் நின்று கால்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தான். மேலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நெஞ்ச அடைக்குதுன்னாரு. பையனுக்குப் போன் பண்ணட்டான்னேன். அவனுக்கு இன்னைக்கு செமினார், விடுன்னுட்டாரு. சுடுதண்ணி குடு, அந்தக் கதையில வர்ற ஆளு மாதிரி குடிச்சிட்டுப் படுத்தா சரியாயிடும்னாரு. புள்ள படிச்சுக் காட்டுன கதைய நெனச்சுக்கிட்டேதான் போனாரு.”

நேற்றிலிருந்து வந்தவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அழுகைக்கு நடுவே ஒரு பெருமையும் இருந்தது. அவள் ஆரம்பிக்கும் ஒவ்வொரு முறையும் மகன் நாற்காலி எடுத்து வரப் போனான். தெருவில் இப்போது ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம்.

கல்லூரியில் கொடுத்த தலைப்பு, ஒரு பழைய சிறுகதையையும் ஒரு புதிய படத்தையும் ஒப்பிடுவது. இரண்டிலும் ஒரு அப்பா, இரண்டிலும் நெஞ்சுவலி. படத்தில் மகன் கொட்டும் மழையில் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். பாட்டு முடிவதற்குள் அவர் பிழைத்துவிடுகிறார். கதையில் அவர் வலியை யாரிடமும் சொல்வதில்லை. சுடுதண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறார். காலையில் எழுப்பப் போகிறவர்களுக்கு விஷயம் தெரிகிறது.

போன வாரம் அப்பா சாப்பிட்டுக்கொண்டே கதை கேட்டார். பிறந்ததிலிருந்து யாரும் அவருக்குக் கதை வாசித்ததில்லை போல. கை தட்டிலேயே நின்றுவிட்டது. “அப்புறம்?” என்றார். கடைசிப் பக்கத்தில் மகன் கண்ணை நிமிர்த்தினான். எதிரே அதே வயதில், அதே பிடிவாதத்தோடு, வாயோரத்தில் சோற்றுப் பருக்கையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“காலையில எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டாரு,” என்று அவன் வாசித்தான்.

அப்பா தொடையில் தட்டினார். “அப்படிப் போடு! இவன்டா எழுத்தாளன். உன் படத்துல பாரு, லேசா வலிச்சதும் தூக்கிட்டு ஓடுறான், அதுக்கொரு பாட்டு வேற. எல்லாம் பொய். கதையிலதான் நெசம் இருக்கு.”

அந்தக் கருத்தை மகன் கட்டுரையிலும் சேர்த்துக்கொண்டான். நேற்று காலை மேடையில் நின்று, படம் பார்வையாளனுக்குப் பயந்துகொண்டு முடிகிறது, சிறுகதை மட்டுமே மரணத்தை நேருக்கு நேர் பார்க்கிறது என்றான். கை தட்டினார்கள். பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

“தம்பி, கொஞ்சம் வழி விடுங்க.”

பின்னால், கீழ்ப்படிகளில், அவன் கல்லூரிப் பேராசிரியர். மூச்சு வாங்க ஏறி வந்தவர், பெட்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தடுமாறினார். பிறகு நிமிர்ந்து, மேல்படியில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கை கூப்பினார்.

“பையன் நேத்து ரொம்ப நல்லா பேசினான்மா. அந்தக் கதையோட முடிவப் பத்தி யாரும் இப்படிப் பேசினதில்ல.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. “இவருக்கும் அந்த முடிவுதான் சார் ரொம்பப் புடிச்சிருந்துது. காலையில எந்திரிச்சு வேலைக்குப் போயிடுவாரே, அதானே?”

“எந்திரிச்சா? இல்லம்மா, அதுல அந்தப் பெரியவர்...”

மணி அடித்தாலும் நிற்காத வாய் அது. மாணவனின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஒருமுறை இருமினார். “ஒரு சில பதிப்புல அப்படியும் இருக்கலாம்,” என்றார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள். அவன் கையை எடுக்க முடியாமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இந்தப் பக்கம் சாய்டா சுருட்டை! ஆ... வந்துருச்சு, வந்துருச்சு!” என்று மாமா கத்தினார். சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. அப்பா விடுபட்டு மளமளவென்று இறங்கினார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் இன்னும் இருந்தது. மாமா நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அம்மா தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் புஸ்தகம் எங்க?”

“காலேஜ்ல இருக்கும்மா.”

“உன் பையில இருக்கு. எடு.”

“இப்ப எதுக்கும்மா? கொஞ்சம் தூங்கு.”

“எழுதியிருக்கறத அப்படியே படி. எதையும் மாத்தாம.”

எப்போது தெரிந்தது, எவ்வளவு தெரிந்தது என்று அவன் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தான். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. விரலால் அழுத்தினான், விரலையும் மீறித் துடித்தது.

அம்மா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து, முன்பைவிடச் சற்றுக் கிட்டத்தில் உட்கார்ந்தாள்.