அரைச் சொல்லைப் பறித்த அணில்

அந்த அணிலை லிப்ட்காரர் சும்மா விடுவதாக இல்லை. கொல்ல மாட்டார், அந்த அளவுக்குப் பாவி இல்லை. ஆனால் அது வயிறு காய்ந்து மதில்மேல் உட்கார்ந்து, பறவைகள் தின்பதை நாக்கில் எச்சில் ஊறப் பார்க்க வேண்டும். அதை அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசிக்க வேண்டும்.

ஒரு சாண் பிராணிமேல் இவ்வளவு வன்மமா என்று கேட்பீர்கள். அது செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

லிப்ட்காரர் என்றால் கட்டடங்களில் லிப்ட் மாட்டிப் பழுது பார்க்கிறவர். நாலு மாதத்துக்கு முன் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறியது, கை பாதி தேறியது, பேச்சு மட்டும் போனது போனதுதான். அவள் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டு ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள், அப்படிப்பட்ட வாய். இப்போது அந்த வீட்டில் பிரிட்ஜ் உறுமுவது ஒன்றுதான் சத்தம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், "அவங்களுக்கே எதையாவது சொல்லணும்னு தோணணும் சார். நாம சொல்லச் சொன்னா வராது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்காகத்தான் சமையலறை ஜன்னலுக்கு எதிரே, கொல்லையில் ஒரு கம்பம் நட்டு, தானியப் பெட்டி பொருத்தினார். முதலில் குருவிகள் வந்தன. பிறகு கொழுத்த புறாக்கள் இரண்டு வந்தன. புறாக்களைக் கண்டதும் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாலாம் நாள் காலை, அவற்றைப் பார்த்தபடியே உதடுகளைக் குவித்தாள்.

"பு..."

லிப்ட்காரர் கையில் டீ டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். "பு..." என்று மறுபடி முயன்றாள். அந்த நேரம் பார்த்துத் துணிக்கொடியிலிருந்து பெட்டிமேல் குதித்தது அணில். புறாக்கள் படபடவென்று பறந்தன. அவள் வாய் மூடிக்கொண்டது. மூன்று வாரமாகியும் மறுபடி திறக்கவில்லை.

"தவம் கிடந்து வந்த வார்த்தைடா! பாதியில புடுங்கிட்டு வாலை வேற ஆட்டுது நாயி!" என்று மச்சானிடம் குமுறினார். அணிலை நாய் என்று திட்டுகிற அளவுக்கு ஆத்திரம்.

மச்சான் என்பது அவள் தம்பி. தெருக்கோடியில் வீடு. அக்காவைப் பார்க்க தினமும் வருவான், வந்த கையோடு மாமாவை வம்புக்கும் இழுப்பான். அணில் ஏறாமலிருக்க லிப்ட்காரர் கம்பத்தில் கிரீஸ் தடவினார். இரண்டு நாள் வழுக்கிய அணில், மூன்றாம் நாள் கம்பத்தைத் தொடாமல் கூரையிலிருந்தே தாவியது. பறவைக்குக் காரம் தெரியாது என்று யாரோ சொல்ல, தானியத்தில் மிளகாய்ப்பொடி கலந்தார். காற்று திரும்பி அடித்தது. லிப்ட்காரர் குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டு "ஐயோ, அம்மா" என்று கத்த, அணில் கூரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"என்ன மாமா, அறுபது மாடிக்கு லிப்ட் ஏத்துனவரு. உங்களுக்கே தண்ணி காட்டுதே!"

"சிரிடா, சிரி. லிப்டுன்னு சொன்ன பாரு, அதாலயே ஆப்பு வெக்கிறேன்."

லிப்டில் ஆள் அதிகமானால் அது நகராது. எடை மிஞ்சினால் வேலையை நிறுத்து என்பதுதான் கணக்கு. பெட்டிக்கும் அதையே செய்தார். பறவை உட்காரும் குச்சிக்கு அடியில் ஒரு ஸ்பிரிங். குச்சியில் எடை கூடினால் தகரக் கதவு சடாரென்று இறங்கித் தானியத்தை மூடும். பெட்டிக்குத் தகரத்தால் வழுக்கும் கூரையும் போட்டார், மேலேயிருந்து தொங்க வழியில்லை. அந்தத் திருட்டுப்பயல் இனி தராசில் ஏறாமல் தின்ன முடியாது. அணில் எடைக்கு உத்தேசமாக ஒரு உருளைக்கிழங்கை வைத்துப் பார்த்தார். கதவு விழுந்தது. எலுமிச்சம்பழத்தை வைத்தார். விழவில்லை. குருவி தின்னும், அணில் தின்னாது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளக் கை எட்டவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுக் கொல்லையில் நாற்காலி போட்டார். அணில் வந்தது. குச்சியில் கால் வைத்தது. சடார்! இறங்கியது. ஏறியது. சடார்! தகரத்தைச் சுரண்டியது, கடித்தது, கீச்கீச்சென்று கத்தியது. கடைசியில் மதில்மேல் போய் உட்கார்ந்தது.

"எப்படி இருக்கு? வலிக்குதா? நல்லா வலிக்கட்டும்!" லிப்ட்காரர் எழுந்து நின்று அணிலைப் பார்த்துக் கைகொட்டினார். "யார்கிட்ட உன் வேலையக் காட்டுற? இனிமே உனக்கு இந்த வீட்டுல ஒரு பொட்டுத் தானியம் கிடையாது!" இந்த வயதில் இடுப்பை வளைத்து ஒரு ஆட்டம்கூடப் போட்டார். மூன்று வாரத்து எரிச்சல் அப்போதுதான் அடங்கியது.

பின்னால் 'சடார்' என்று கேட்டது. மறுபடி கேட்டது. அவர் திரும்பவில்லை. எதிரியின் முகத்தைப் பார்த்து மனம் குளிர்ந்துகொண்டிருந்தார்.

ஜன்னல் கம்பியில் டம்ளர் இடித்தது. டங், டங், டங். திரும்பினார். புறா குச்சியில் உட்கார்ந்தது, கதவு விழுந்து அதன் மூக்கில் அடித்தது. கொழுத்த புறா அணிலைவிடக் கனம். அந்தக் கணக்கு மட்டும் அவர் புத்தியில் ஏறவே இல்லை. இரண்டு புறாக்களும் எழும்பி, அடுத்த தெருப் பக்கம் போய் மறைந்தன.

ஜன்னலில் அவள் முகம் சிவந்திருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"அ... அறி... அறிவுகெட்ட மனுஷா!"

லிப்ட்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு. அம்மா தாயே, இன்னொரு தடவை!"

"அறிவுகெட்ட மனுஷா! தொற அதை!"

கண்ணீர் வழிய ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஓடினார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில், அவள் சொன்ன வேலைக்கு அவர் இப்படி ஓடியதே இல்லை.