பழைய படகுக்குப் புது ஸ்டீரியோ

படகிலிருந்த பழைய ஸ்டீரியோவைக் கழற்றப் போவதாக ரெய்னோ சொன்னதும் படகுத்துறையே சிரித்தது. போன வருடம் வரை அதன் பக்கம் யாராவது கையைக் கொண்டுபோனாலே முறைத்தவர் அவர். அது கேசட் மட்டும்தான் பாடும், அதிலும் பாதியைத் தின்றுவிட்டுத்தான் பாடும். அதைச் சுற்றியிருந்த மகோகனிப் பலகைக்கு வருடம் தவறாமல் வார்னிஷ் பூசி முகம் பார்க்கும் அளவுக்கு வைத்திருந்தார். இப்போது புதுசு உட்கார வேண்டுமென்று அந்தப் பலகையையே அறுக்கப் போகிறார் என்றால் கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றான் கர்ட். துறையில் கிரேன் ஓட்டுபவன் அவன். வாய்க்குப் பூட்டே கிடையாது.

மூளை கலங்கத் தொடங்கியிருந்தது அவருக்கு இல்லை, அவர் மனைவி வெர்னாவுக்கு. அது கர்ட்டுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. குளிர்காலத்திலிருந்து அவளுக்குப் பெயர்கள் நழுவிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரி பெயர் போனது, கரண்டிக்குப் பெயர் போனது. ஆனால் இளவயதில் ஃபின்லாந்துக்காரர் மன்றத்தில் இருவரும் ஆடிய போல்காப் பாட்டைப் போட்டால் மட்டும் ஒரு சொல் பிசகாமல் பாடினாள். அந்தப் பாட்டெல்லாம் இப்போது போனில் கிடைக்கிறது. படகில் அதைக் கேட்க வேண்டுமானால் புது ஸ்டீரியோ வேண்டும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணம் அவர்கள் மகள் டானா. அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறேன் என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். இந்தக் கோடையில் ஒரு தடவை வந்து அம்மாவைப் படகில் பார், அப்புறம் பேசு என்று ரெய்னோ அவள் வாயை அடைத்து வைத்திருந்தார். அவள் வருவதற்குள் வெர்னா படகில் பாடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் கணக்கு அவ்வளவுதான்.

பலகையை அறுத்தபோது கண் கலங்கியது. மரத்தூள் என்று சொல்லிக்கொண்டார். புதுசு கச்சிதமாக உட்கார்ந்தது. படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஓடியது ஒரே ஒரு பேட்டரியில்; அதிலேயே இதையும் சேர்த்து மாட்டினார். பேட்டரி அரதப்பழசு, அதையும் மாற்றியிருக்கலாம். தோன்றவில்லை. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் காய்ந்த மரப்படகை ஏரியில் இறக்கினால், பலகை ஊறி உப்பி இடுக்குகள் அடைபடும்வரை தண்ணீர் கசியும். அதுவரை பம்ப் நிற்காமல் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஹியூரான் ஏரிக்கரையில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

இறக்கிய அன்று மாலை வெர்னா படகில் உட்கார்ந்து மூன்று பாட்டு பாடினாள். கிளம்பும்போது பம்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கடைசியாக இறங்குவது கல்யாணமான நாளிலிருந்து அவள் பொறுப்பு. பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் ஸ்டீரியோ அணையும், தட்டினால் சத்தம் மட்டும்தான் நிற்கும், பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும் என்று ரெய்னோ சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் தட்டினாள். சத்தம் நின்றது. அணைத்துவிட்டேன் பார் என்பது போல் நிமிர்ந்து சிரித்தாள்.

கரையில் நின்ற ரெய்னோ அதைக் கண்ணால் பார்த்தார். இரண்டு எட்டு வைத்துப் போய் அணைத்திருக்கலாம். ஆனால் போன வாரம், அவள் அணைத்த அடுப்பை அவர் போய்ச் சரிபார்த்ததற்கு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாயந்திரம் வரை அழுதாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தனியாக வந்து அணைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். சாப்பிட்டார், சாய்ந்தார், அப்படியே தூங்கிப்போனார். விடிய விடிய மழை கொட்டியது.

காலையில் கர்ட் போன் செய்தான். படகின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிகிறது என்றான்.

விஷயம் கேள்விப்பட்டு டானா மதியத்துக்குள் காரில் வந்து சேர்ந்தாள். கிரேனில் தொங்கிய படகின் எல்லா இடுக்கிலிருந்தும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இன்ஜின் போய்விட்டது. பேட்டரி செத்ததால் பம்ப் நின்றிருக்கிறது என்ற கர்ட், எதையாவது அணைக்காமல் விட்டீர்களா என்று கேட்டான்.

வெர்னாவின் முகம் வெளுத்தது. அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான்," என்றார் ரெய்னோ. "ஸ்டீரியோவை அணைக்காம வந்துட்டேன்."

வெர்னாவுக்கு உயிர் திரும்பி வந்தது. எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டாள். பழைய ஸ்டீரியோ உன்னை என்ன செய்தது, பலகையை அறுக்காதே என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேனே, ஒரு பொத்தானை அமுக்கத் துப்பில்லாதவனுக்குப் புதுசு எதற்கு என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஒரு சொல்கூட நழுவவில்லை. ரெய்னோ தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். படகு போன துக்கத்திலும் அவருக்கு அது இனித்தது.

கர்ட் சிரித்தான். டானா சிரிக்கவில்லை. அப்பாவின் தோளில் கை வைத்தாள்.

"அப்பா, உங்களை நம்பித்தான் இத்தனை நாள் அம்மாவை இங்க விட்டு வச்சேன். இப்ப நீங்களே இப்படி மறந்தா அம்மாவை யாரு பாத்துக்கறது?"

நான் மறக்கவில்லை, உன் அம்மாதான் என்று ரெய்னோ சொன்னால் வெர்னா இல்லத்துக்குப் போவாள். சொல்லாவிட்டாலும் போவாள். அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய் அவளையே கொண்டுபோகப் பார்த்தது. அதைவிட, ராத்திரி தூங்கிப்போனதை நினைத்தால் அது முழுப் பொய்தானா என்பதும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

வெர்னா மகளின் கையை அவர் தோளிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அவரை ஒண்ணும் சொல்லாதே. வயசாயிடுச்சு, மறக்குது. எங்கேயும் அனுப்ப வேண்டாம், நான் இருக்கேன்ல?"

பிறகு அவர் பக்கம் திரும்பிச் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். குரலைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பயப்படாதே. இனிமே எல்லாத்தையும் உனக்கும் சேர்த்து நானே ஞாபகம் வச்சுக்கறேன்."

ரெய்னோ சரி என்று தலையாட்டினார்.