சாயம் போகாத தவளைகள்

ஊமச்சிபாளையம் குட்டையில் இருந்த தலைப்பிரட்டைகளுக்கு ஆறு வயதாகியும் கால் முளைக்கவில்லை. வால் போகாமல், ஒரு சத்தம் போடாமல், தின்று தின்று ஒவ்வொன்றும் கெண்டை மீன் பருமனுக்கு வந்திருந்தது. குன்னத்தூர் டவுன் பஸ் நிற்கும்போது பயணிகள் எட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஊருக்கு அது பழகிவிட்டது. பழகாமல் தவித்தவர் மகுடேஸ்வரன் ஒருவர்தான். குட்டைக்கு மேற்கே இருந்த சாயப்பட்டறை அவருடையது. எத்தனை முறை துவைத்தாலும் சாயம் போகாது என்பது அவர் பட்டறையின் பேர். முன்பெல்லாம் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் ஊரே கொடித்துணி எடுக்க ஓடும். அவர் பட்டறைக்குப் பின்னால் வால்வைத் திறக்க ஓடுவார். மழைத் தண்ணீரோடு சாயக்கழிவும் போனால் யார் கண்டார்கள்? ஆட்களிடம் விட்டால் வெளியே கசிந்துவிடும் என்று அந்த ஒரு வேலையை மட்டும் தன் கையாலேயே செய்தார்.

முதலில் தவளைச் சத்தம் நின்றது. பிறகு மழை நின்றது. சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் பெய்யும், இங்கே எல்லைக் கல்லோடு நின்றுகொள்ளும். கல்லுக்கு நேராக பஸ் நின்றால் பின்பாதி நனையும், முன்பாதி காய்ந்து கிடக்கும். போர்வெல்கள் புழுதி கக்கின, தென்னைகள் மொட்டையாயின, குட்டை மட்டும் வற்றவில்லை. மழையின் மறைப்பு இல்லாததால் மகுடேஸ்வரன் கழிவை ஒழுங்காக லாரியில் ஏற்றிச் சுத்திகரிப்புக்கு அனுப்பினார். யோக்கியர் என்று பேராகிவிட்டது. மாரியம்மன் கோயிலில் முதல் மரியாதை கொடுத்தார்கள். பரிவட்டம் கட்டும்போது தலையில் அம்மிக்கல்லை ஏற்றியது போல இருந்தது அவருக்கு.

கடைசியில் மழைக்காகத் தவளைக் கல்யாணம் செய்வது என்று ஊர் முடிவு செய்தது. தாராபுரத்திலிருந்து கொண்டுவந்த ஜோடி எல்லைக் கல்லைக் கண்டதும் கூடையிலிருந்து குதித்துத் திரும்பிப் போய்விட்டது. குட்டையில் இருப்பதையே பிடித்து வரலாம் என்றால் பூசாரி அப்புசாமி ஒப்பவில்லை. “வயசுக்கு வராததுகளுக்கு எப்படீங்க தாலி கட்டறது? சட்டமே ஒத்துக்காதுங்க” என்றார். கூட்டம் சிரித்தது. தென்னந்தோப்பு முழுவதையும் காயக் கொடுத்த ராமாயி மட்டும் சிரிக்காமல் எழுந்து போனாள். மகுடேஸ்வரனால் அவள் முதுகைக்கூடப் பார்க்க முடியவில்லை.

குட்டைத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப்போன கல்லூரி ஆசிரியை தரணி வந்து விளக்கினாள். தைராய்டு சுரந்தால்தான் தலைப்பிரட்டைக்கு வால் சுருங்கிக் கால் வருமாம். தண்ணீரில் கலந்த ஏதோ ரசாயனம் அந்தச் சுரப்பியைக் கட்டிப்போட்டிருக்கிறதாம். தைராய்டு என்றால் மகுடேஸ்வரனுக்குத் தெரியும். அவர் மனைவி அனுப்பிரியா தினமும் எழுந்ததும் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காபிக்குத் தானும் காத்திருந்து அவரையும் காக்க வைப்பாள். அதுவும் நம் வால்வின் வேலையோ என்று தோன்றிய காலையில் காபியை அப்படியே வைத்துவிட்டுக் குட்டைக்குப் போனார். ஒரு தலைப்பிரட்டையை மோட்டார் ரூமில் வாளியில் விட்டு, ஒரு மாத்திரையைக் கரைத்து ஊற்றினார். அடுத்த காபி ஆறுவதற்குள் வாளியின் விளிம்பில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அதன் நிறம் மெரூன். அதுவும் அவருடைய மெரூன்; திருப்பூரில் வேறு எந்தப் பட்டறைக்கும் பிடிபடாத ஷேடு.

பனியன் கம்பெனிக்கு ஆள் போகாத வீடு ஊரில் கிடையாது. ஷேடைப் பார்த்தே பட்டறையைச் சொல்லிவிடுவார்கள். தவளைகள் கரையேறினால் கல்யாணம் நடக்கும், ஊருக்கு மழை வரும், அவர் மானம் போகும். அவர் மானத்தை வைத்துக்கொண்டார். தவளையை வாளியோடு மூடிவைத்தார். அந்தக் கோடையில் ராமாயி தன் தென்னைகளை வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றினாள். லாரி கடந்து போகையில் மூடிய வாளிக்குள் தவளை கத்தியது. அவர் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“ஏனுங்க, மாத்திரை ஒண்ணு கொறையுதே. உங்களுக்கும் தைராய்டுங்களா?” என்று அனுப்பிரியா சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் உள்ளே போய் மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். “பத்தாட்டி டவுன்ல வாங்கிக்கலாங்க” என்றாள்.

மறுநாள் ஊர் பார்த்திருக்க, சாயம் கரைப்பதைப் போலவே மாத்திரைகளைப் பதம் பார்த்துக் கரைத்து, வடிகட்டி, கரையோரமாகச் சுற்றி ஊற்றி, மூங்கிலால் கலக்கிவிட்டார். வெயில் ஏறுவதற்குள் தவளைகள் வெளியே வந்தன. மெரூன், நேவி, ஆலிவ், மஸ்டர்ட் என்று அவர் திறந்துவிட்ட ஒவ்வொரு மழையும் கரையில் வந்து உட்கார்ந்தது. ஊர் அசையாமல் நின்றது. ராமாயி ஓர் ஆலிவ் தவளையை எடுத்து, பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் துணியைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது உங்க பட்டறைக் கலருங்களா?”

“ஆமாங்க. நாந்தான் தொறந்து உட்டேன்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. பூசாரியிடம் திரும்பி, “கல்யாணத்தை முடிங்க” என்றாள். மெரூன் பெண், ஆலிவ் மாப்பிள்ளை. தாலி ஏறும்போது மழை எல்லைக் கல்லைத் தாண்டி வந்தது.

மகுடேஸ்வரனின் சாயம் அன்றைக்கே வெளுத்துவிட்டது. அடுத்த திருவிழாவில் முதல் மரியாதை தவளைகளுக்குப் போனது. இப்போதும் வானம் இருட்டினால் ஊர் கொடித்துணி எடுக்க ஓடும். அவர் குட்டைக்கு ஓடி, தவளைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார். எத்தனை மழை கழுவியும் ஒன்றுக்குக்கூடச் சாயம் போகவில்லை.